பாதி முகத்தில் ஒரு முழுச் சிரிப்பு

தெருச் சண்டையில் கோபம் உச்சத்துக்குப் போனால் வாயில் வரும் சாபங்களில் ஒன்று, "உன் கை கால் விளங்காமப் போக!" என்பது. மனிதன் சாவுக்கு அடுத்தபடியாக எதற்குப் பயப்படுகிறான் என்று இந்த ஒரு சாபமே சொல்லிவிடும். ஒரு கை தொங்கிப் போய், வாய் ஒரு பக்கம் கோணி, சொல்ல நினைத்தது ஒன்றும் வாயிலிருந்து வருவது வேறொன்றுமாக ஆகிவிடுகிற நிலை. பக்கவாதம்!

இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?

இருக்கிறது என்று சொன்னவர்கள் உண்டு. வெளியில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் அல்ல, அந்தக் கட்டிலில் படுத்துக் கிடந்தவர்களே சொன்னார்கள். அவர்களில் மூன்று பேரைப் பற்றியது இந்தக் கட்டுரை. ஒருவர் அகராதி எழுதியவர். மற்ற இருவர் நடிகர்கள். மூவருக்கும் சொல்தான் பிழைப்பு. மூவரிடமிருந்தும் பறிபோனதும் அதுதான். மூவர் கதையிலும் சிரிப்பு வருகிறது. ஆனால் ஒரே மாதிரி வரவில்லை.

அதற்கு முன் கொஞ்சம் மருத்துவம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபட்டாலோ, வெடித்தாலோ அந்தப் பகுதியின் செல்கள் நிமிடக் கணக்கில் சாகத் தொடங்குகின்றன. மூளையின் இடப்பக்கம் உடம்பின் வலப்பக்கத்தை ஆள்கிறது. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் இடப்பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் வலது கை, வலது கால் விழுந்தவர்கள் பலருக்குப் பேச்சும் சேர்ந்து போய்விடுகிறது. 1861-ல் பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர், 'டான்' என்ற ஒரே அசையைத் தவிர வேறு எதுவும் பேச வராத ஒரு நோயாளி இறந்த பிறகு அவர் மூளையை ஆராய்ந்தார். இடது முன்பகுதியில் சேதம் இருந்தது. பேச்சுக்கு மூளையில் ஒரு இடம் உண்டு என்பதற்கு அது பெரிய ஆதாரமாக அமைந்தது.

நம் முதல் கதாநாயகர் அதற்கும் 78 வருடம் முந்தியவர். தனக்கு என்ன நடந்தது என்று விளக்கிச் சொல்ல அவர் காலத்தில் யாரும் இல்லை.

அகராதிக்காரரின் ராத்திரி

1783 ஜூன் மாதம். லண்டனில் ஃப்ளீட் தெருவை ஒட்டிய போல்ட் கோர்ட் என்ற இடத்தில் குடியிருந்தார் டாக்டர் சாமுவேல் ஜான்சன். 1755-ல் வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கில அகராதியைத் தொகுத்தவர். அப்போது அவருக்கு வயது 73.

ஓர் இரவு படுத்த சற்று நேரத்தில் விழித்து உட்கார்ந்தார். தலைக்குள் ஏதோ குழப்பம், அரை நிமிடம் இருக்கலாம். பயந்து போனார். உடம்பை என்ன வேண்டுமானாலும் செய், புத்தியை மட்டும் விட்டுவிடு என்று கடவுளிடம் வேண்டினார். அதோடு நிற்கவில்லை. புத்தி சரியாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க, அந்தப் பிரார்த்தனையை லத்தீன் செய்யுளாக இயற்றினார்!

பரீட்சை முடிவு? செய்யுள் ஒன்றும் பிரமாதமாக இல்லை. ஆனால் அது பிரமாதமாக இல்லை என்பது தனக்குத் தெரிகிறது. ஆகவே புத்தி பத்திரமாக இருக்கிறது. இப்படித் தீர்ப்புச் சொல்லிக்கொண்டார் மனிதர். மோசமான கவிதை எழுதிவிட்டு அதற்காகச் சந்தோஷப்பட்ட கவிஞர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அதன் பிறகுதான் பேச்சு போய்விட்டது என்று தெரிந்தது. குரலை எழுப்பிப் பார்ப்போம் என்று கொஞ்சம் ஒயின் குடித்தார். ஒயின் குடித்தால் பேச்சு சரளமாக வரும் என்று ஊரே சொல்கிறதே! உடம்பை வேகமாக அசைத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. சரி என்று போய்ப் படுத்தார், தூங்கியும் விட்டார்.

விடிந்ததும் வேலைக்காரர் பேசிக்கொண்டே உள்ளே வந்தார. ஜான்சன் ஒரு சீட்டை எழுதி நீட்டினார். எதிரில் இருக்கும் மனிதர் வாயால் சொல்லாமல் எதற்காகச் சீட்டைக் கொடுக்கிறார் என்று அவருக்கு உடனே புரியவில்லை. அடுத்து ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினால், கை தப்புத் தப்பான எழுத்துகளைப் போடுகிறது. ஒரு மொழிக்கே எழுத்துக்கூட்டிக் கொடுத்தவரின் கை!

வைத்தியர்கள் வந்தார்கள். அந்தக் காலத்து வைத்தியம், தோலில் மருந்து தடவிக் கொப்புளம் எழுப்புவது. முதுகில் ஒன்று, காதிலிருந்து தொண்டை வரை பக்கத்துக்கு ஒன்று. தொண்டையில் போட்டவை சரியாக எழும்பவில்லை. ஜான்சன் மருந்துக்காரரை அதட்டி உருட்டி, தான் சொன்ன முறைப்படி வேறு மருந்து செய்ய வைத்தார். பேச்சு முழுதாகத் திரும்பாத நிலையிலும் சண்டை போடும் திறமை திரும்பிவிட்டது. 'இல்லை' என்று சொல்ல முடிகிறது, 'ஆம்' என்று சொல்லத்தான் கஷ்டமாக இருக்கிறது என்றும் எழுதினார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களை மறுத்தே பேசிப் பழகிய மனிதருக்குப் பொருத்தமான நோய்தான்.

இவ்வளவும் எப்படித் தெரியும்? ஜூன் 19-ம் தேதி தன் தோழி ஹெஸ்டர் திரேலுக்கு அவரே எழுதிய கடிதத்திலிருந்து. அதாவது நோய் வந்து ஓரிரு நாளில், கொப்புளங்கள் ஆறும் முன்பே! சில வாரங்களில் பேச்சு பெரும்பாலும் திரும்பியது. 1784 டிசம்பரில் காலமாகும் வரை பேசிக்கொண்டும் எழுதிக்கொண்டும்தான் இருந்தார்.

கவனிக்க வேண்டியது ஒன்று. ஜான்சன் பயப்படாமல் இல்லை. அந்தக் கடிதத்தில் சாவைப் பற்றியும் பேசுகிறார். ஆனால் தன் கதையைத் தானே சொன்னார். எங்கே சிரிக்கலாம் என்பதையும் அவரே முடிவு செய்தார். அடுத்து வருபவருக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

சொல்லுக்குப் பதில் வேறு சொல்

பாட்ரிசியா நீல், அமெரிக்க நடிகை. 'ஹட்' படத்துக்காக 1964-ல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வாங்கியவர். அவர் கணவர் குழந்தைகளுக்கான கதைகளால் உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர் ரோல்ட் டால்.

1965 பிப்ரவரி 17. லாஸ் ஏஞ்சலஸில் படப்பிடிப்புக்காகத் தங்கியிருந்த நீல், மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது தலையில் கடும் வலி. மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. வயது 39. வயிற்றில் குழந்தை வேறு. மணிக்கணக்கில் அறுவை சிகிச்சை, பிறகு வாரக்கணக்கில் நினைவில்லாத நிலை. 'வெரைட்டி' பத்திரிகை அவர் இறந்துவிட்டதாகவே செய்தி போட்டுவிட்டது!

கண் விழித்தபோது வலப்பக்கம் வேலை செய்யவில்லை. பேச்சும் இல்லை. இங்கிலாந்தில் கிரேட் மிசெண்டன் என்ற ஊரிலிருந்த தங்கள் வீட்டுக்கு அழைத்துப் போன டால், வழக்கமான கொஞ்ச நேரப் பயிற்சி போதாது என்று முடிவு கட்டினார். அக்கம்பக்கத்தாரைத் திரட்டினார். அவர்கள் மருத்துவப் படிப்பு படித்தவர்கள் அல்ல, சாதாரண ஊர்க்காரர்கள். முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் எழுத்து, கணக்கு, படம் பார்த்துப் பெயர் சொல்வது. ஆஸ்கர் வாங்கிய நடிகைக்கு மறுபடியும் பாலர் வகுப்பு. வேண்டிய பொருளைக் கை நீட்டிக் கேட்டால் டால் கொடுக்க மாட்டார். பெயரைச் சொன்னால்தான் கிடைக்கும்.

பெயர் எங்கே வருகிறது? ஒரு சொல்லைத் தேடிப் போனால் இன்னொன்று வந்து நின்றது. சில சமயம் உலகத்திலேயே இல்லாத சொல்லும் வந்தது. சிகரெட்டுக்கு அவர் வாயில் வந்தது 'ஓப்லகன்'. பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சிரிப்பு வராமல் இருக்குமா? வந்தது. அந்தச் சொற்களை அவர்கள் ரசித்தார்கள், நினைவில் வைத்துக்கொண்டார்கள். 1982-ல் டால் எழுதிய 'பி.எஃப்.ஜி.' கதையில் ஒரு நல்ல ராட்சதன் வருகிறான். சொற்களைத் தாறுமாறாகக் குழப்பிப் பேசுவான். அவன் பேச்சுக்கும் நீலின் பேச்சுக்கும் இருக்கும் ஒற்றுமையை, டாலின் கடைசி நாட்களில் அவருக்கு மருத்துவம் பார்த்த குழுவில் இருந்த டாம் சாலமன் என்ற நரம்பியல் மருத்துவர் பிற்காலத்தில் சுட்டிக்காட்டியிருக்கிறார். உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் ரசித்துச் சிரித்த அந்த மொழிக்குப் பின்னால், ஒரு சிகரெட் கேட்க முடியாமல் தவித்த பெண் இருந்திருக்கலாம்.

இங்கேதான் கேள்வி வருகிறது. அது நகைச்சுவையா? கேட்டவர்களுக்கு ஆம். சொன்னவருக்கு? அவர் ஜோக் அடிக்கவில்லையே, சிகரெட்தானே கேட்டார்! சாவதே மேல் என்று நினைத்த நாட்கள் உண்டு என்று நீல் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

அவருடைய சொந்தச் சிரிப்பு வேறு பக்கம் இருந்து வந்தது. விரட்டி விரட்டி வேலை வாங்கிய கணவருக்கு 'கேடுகெட்ட ரோல்ட்' என்பது போலப் பட்டப்பெயர்கள் வைத்தார். உடற்பயிற்சி ஆசிரியருக்குப் பெயர் வைக்காத மாணவர் உண்டா? அது மாதிரிதான். அதே மனிதர்தான் தன்னைத் திரும்பத் தண்ணீரில் தள்ளி நீந்த வைத்தார் என்றும் 1988-ல் வந்த தன் சுயசரிதையில் ஒப்புக்கொண்டார். (அந்தத் திருமணம் 1983-ல் விவாகரத்தில் முடிந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். வாழ்க்கை சினிமா இல்லை.)

1965 ஆகஸ்டில் குழந்தை நலமாகப் பிறந்தது. 1967 ஆஸ்கர் விழா மேடையில் நீல் ஏறியபோது அரங்கமே எழுந்து நின்றது. 1968-ல் 'தி சப்ஜெக்ட் வாஸ் ரோசஸ்' படத்தில் மீண்டும் நடித்தார், ஆஸ்கருக்குப் பரிந்துரையும் ஆனார். அவருக்குப் பாடம் சொன்ன பக்கத்து வீட்டுக்காரர்களில் ஒருவரான வலேரி ஈட்டன் கிரிஃபித் இந்த முறையைப் புத்தகமாக எழுதினார். பிரிட்டனில் பக்கவாதம் வந்தவர்களுக்குத் தொண்டர்கள் வீடு தேடிப் போய் உதவும் திட்டம் அதிலிருந்துதான் வளர்ந்தது. 2010-ல் நீல் காலமானபோது அவருக்கு வயது 84.

பல்வலி காப்பாற்றிய ஆள்

மூன்றாமவர் கிர்க் டக்ளஸ். 'ஸ்பார்ட்டகஸ்' நாயகன். தாடையில் பள்ளமும், பல்லைக் கடித்துக்கொண்டு பேசும் வசனமும்தான் அவர் அடையாளம். 1991-ல் ஹெலிகாப்டர் விபத்தில் முதுகு நொறுங்கிப் பிழைத்தவர். 1996 ஜனவரியில், 79 வயதில், வீட்டில் உட்கார்ந்து நகம் வெட்டி அழகுபடுத்திக்கொண்டிருந்தபோது கன்னத்தில் ஏதோ கோடு இழுத்தது போல இருந்தது. சொல்ல வாயைத் திறந்தார். உளறல்தான் வந்தது.

கை கால் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. பேச்சுதான் போனது. பேச முடியாத நடிகன் என்ன செய்வது, ஊமைப்படக் காலம் திரும்பி வரட்டும் என்று காத்திருப்பதா என்று பிற்பாடு அவரே கேட்டுச் சிரித்தார். ஆனால் அந்த நேரத்தில் சிரிக்கவில்லை. திரை போட்ட அறையில் படுத்தே கிடந்தார். ஒரு நாள் மேசை அறையிலிருந்த துப்பாக்கியை எடுத்து வாயில் வைத்துவிட்டார்.

குழல் பல்லில் இடித்தது. சுரீரென்று வலி. 'ஐயோ' என்று வெளியே எடுத்தார். எடுத்ததும் ஒரு விஷயம் உறைத்தது: சாகப் போகிறவன் பல் வலிக்கிறது என்று கவலைப்படுகிறான்! சிரிப்பு வந்துவிட்டது. துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

இதை டக்ளஸே 2002-ல் வெளியிட்ட தன் புத்தகத்தில் எழுதினார். வீரனாக நடித்தே பேர் வாங்கியவர், தான் எவ்வளவு தளர்ந்து போனேன் என்பதை ஊரறியச் சொன்னதுதான் உண்மையான வீரம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது என்று மருத்துவம் சொல்கிறது. அது சோம்பேறித்தனமோ கோழைத்தனமோ இல்லை. நோயின் ஒரு பகுதி. மற்றவர்களுக்கு எப்போதும் ஒரு பல்வலி வந்து காப்பாற்றும் என்று இருந்துவிட முடியாது. வாய்விட்டுப் பேசவும், மருத்துவரிடம் சொல்லவும் ஆள் வேண்டும்.

டக்ளஸுக்கு மனைவி ஆன் இருந்தார். பரிதாபப்பட்டுக்கொண்டு உட்காராமல், எழுந்து போய்ப் பேச்சுப் பயிற்சியைப் பார் என்று விரட்டினார். அதே வருடம் மார்ச் 25. பக்கவாதம் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வாழ்நாள் சாதனைக்காக கௌரவ ஆஸ்கர். 'நன்றி' என்று ஒரு சொல் சொல்லிவிட்டு இறங்குவதாகத்தான் திட்டம். மேடையேறி எதிரில் இருந்த கூட்டத்தைப் பார்த்ததும் நடிகனுக்கு மனம் கேட்கவில்லை. குழறிய குரலிலேயே, தன் நான்கு மகன்களும் இந்தக் கிழவனை நினைத்துப் பெருமைப்படுகிறார்கள் என்றார். விருது மனைவிக்குத்தான் என்றார்.

பிறகு அந்தக் குழறலையே முதலாக்கிவிட்டார். 1999-ல் 'டயமண்ட்ஸ்' படத்தில் பக்கவாதம் வந்த பழைய குத்துச்சண்டை வீரராகவே நடித்தார். 2009-ல், 92 வயதில், தன் பெயரில் உள்ள அரங்கில் தனி ஆளாக மேடை நிகழ்ச்சி நடத்தினார். 2011 ஆஸ்கர் விழாவில் சிறந்த துணை நடிகையின் பெயரை அறிவிக்க வந்தபோது வயது 94. உறையைப் பிரித்தார். பெயரைச் சொல்லப் போனார். சொல்லாமல் வேறு ஏதோ பேச ஆரம்பித்தார். மறுபடியும் சொல்லப் போனார், மறுபடியும் நிறுத்தினார். அரங்கமே சிரித்தது. பேச்சு மெதுவாக வருகிற ஆளுக்கு ஒரு வசதி: எல்லோரும் காத்திருந்துதான் ஆக வேண்டும்! அந்தக் காத்திருப்பையே ஜோக்காக்கினார். கடைசியில் ஒருவழியாக மெலிஸா லியோவின் பெயர் வெளியே வந்தது.

பயிற்சி அறைச் சிரிப்பு

பெரிய மனிதர்கள் கதை இருக்கட்டும், பிசியோதெரபி அறைக்குள் எட்டிப் பார்த்தால் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. ஆங்கிலம் பேசும் நாடுகளில் நோயாளிகள் 'பி.டி.' என்ற இரண்டு எழுத்தை 'வலியும் வதையும்' என்ற பொருள் வரும்படி விரித்துச் சொல்வார்கள். படி ஏறும்போது நல்ல காலை முதலில் வை, இறங்கும்போது பலவீனமான காலை முதலில் வை என்பது விதி. இதை மறக்காமலிருக்க அங்கே சொல்லிக் கொடுக்கும் சூத்திரம்: நல்லவன் சொர்க்கத்துக்கு, கெட்டவன் நரகத்துக்கு! சட்டை போடும்போது மட்டும் மரியாதை தலைகீழ். விளங்காத கைக்குத்தான் முதலில் போட வேண்டும், கழற்றும்போது கடைசியில்.

பேச்சுப் பயிற்சி இன்னும் வேடிக்கை. கண்ணாடி முன் உட்கார்ந்து நாக்கை நீட்டு, கன்னத்தை உப்பு, உதட்டைக் குவி என்பார்கள். சின்ன வயதில் செய்ததற்கு அடி வாங்கியதை எல்லாம் இப்போது செய்யாவிட்டால் திட்டு விழும்.

ஏன் இத்தனை தடவை? இறந்து போன செல்கள் திரும்பி வராது. ஆனால் மூளை, மீதமிருக்கும் பகுதிகளைக் கொண்டு பழைய வேலைக்குப் புதிய பாதை போட்டுக்கொள்ளும். பாதை போட ஒரே வழி திரும்பத் திரும்ப நடப்பதுதான். ஒரு பொத்தானை நூறு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். தொண்ணூற்றொன்பது தடவை தோற்பதை அழுதுகொண்டே செய்கிறவர் நாளைக்கு வரமாட்டார். சிரித்துக்கொண்டே செய்கிறவர் வருவார். சிரிப்பின் மருத்துவப் பயன் இவ்வளவுதான், இது போதும். சிரித்தால் அடைத்த ரத்தக் குழாய் திறந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பக்கவாதம் வந்த சிலருக்குக் காரணமே இல்லாமல் சிரிப்போ அழுகையோ பீறிடும், அடக்க முடியாது. சாவு வீட்டில்கூடச் சிரித்துவிடுவார்கள். அது நகைச்சுவை இல்லை, மூளையின் கட்டுப்பாடு தளர்ந்ததன் அடையாளம். அதற்கு மருந்து உண்டு. அவர்களைத் திட்டக் கூடாது.

யாருடைய சிரிப்பு?

மூன்று பேர் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஐந்தொகை போட்டுப் பார்த்தால் கணக்கு இப்படி வருகிறது. ஜான்சன் முதல் நாளே தன்னைப் பார்த்துத் தானே சிரித்தார், நிமிர்ந்தார். நீலின் சொற்களைக் கேட்டு முதலில் சிரித்தவர்கள் மற்றவர்கள். அந்தச் சிரிப்பு நீலின் கணக்கில் வரவாகவில்லை. தானே பட்டப்பெயர் வைத்துச் சிரித்ததுதான் வரவானது. டக்ளஸ் தற்செயலாகக் கிடைத்த ஒரு சிரிப்பைப் பிடித்துக்கொண்டு 24 வருடம் வாழ்ந்தார். 2020 பிப்ரவரியில் காலமானபோது வயது 103.

சிரிப்பு ஒன்றுதான். ஆனால் நோயாளி தொடங்கி வைத்தால் அது பலம். மற்றவர்கள் தொடங்கி வைத்தால் பெரும்பாலும் கேலி, நல்லெண்ணத்தோடு செய்தாலும் கூட.

ஆகவே நண்பர்களே, பக்கவாதம் வந்த தாத்தாவையோ, சித்தியையோ, பக்கத்து வீட்டுக்காரரையோ பார்க்கப் போனால் இரண்டு விஷயம். ஒன்று, சிரிக்க வைக்கிறேன் பேர்வழி என்று நாமாக ஜோக் அடிக்க வேண்டாம். இன்னொன்று இதைவிட முக்கியம். காபி டம்ளரை மூன்றாவது தடவையாகக் கொட்டிவிட்டு அவரே தன் கையைப் பார்த்து ஏதாவது கிண்டலாகச் சொன்னால், "ஐயோ பாவம்" என்று முகத்தைத் தொங்கப் போட வேண்டாம். சொல் குழறலாம், புரிய நேரம் ஆகலாம். காத்திருந்து கேட்டுவிட்டு, அவரோடு சேர்ந்து நன்றாகச் சிரித்துவிடுங்கள். பாதி முகம்தான் அசையும். சிரிப்பு முழுசாகத்தான் இருக்கும்.